மலையில் மோதிய நீர்மூழ்கிக்கு இன்னொன்றின் மூக்கு: சான் பிரான்சிஸ்கோவின் கதை

அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று கடலுக்கடியில் எதிலோ மோதிவிட்டது என்று செய்தி வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். இத்தனை கோடி கொட்டிக் கட்டியதற்கு எதிரே இருப்பது தெரியாதா? உள்ளே இருக்கும் அணு உலை வெடித்துவிடாதா? முன்பக்கம் நசுங்கிப் போனதைத் தள்ளிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளாமல் ஏன் ஆண்டுக்கணக்கில் பழுது பார்க்கிறார்கள்?

ஒரே ஒரு கப்பலின் வரலாற்றை வைத்து இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கடற்படையின் யுஎஸ்எஸ் சான் பிரான்சிஸ்கோ. 1981-ல் பணியில் சேர்ந்தது, 2005-ல் முழு வேகத்தில் ஒரு கடலடி மலையில் மோதியது, இன்னொரு நீர்மூழ்கியின் மூக்கைப் பொருத்திக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனது, அப்புறம் மாலுமிகள் படிக்கும் பயிற்சிக்கூடமாக மாறியது. மூக்கைக் கொடுத்த கப்பல் அதைவிட நான்கு ஆண்டுகள் இளையது, எந்த அடியும் படாதது. அடிபட்ட மூத்ததைக் காப்பாற்ற, முழுசாக இருந்த இளையதை ஏன் வெட்டினார்கள் என்பது புரிந்துவிட்டால் அணுசக்தி நீர்மூழ்கியின் ஆயுள் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம்

"அணு நீர்மூழ்கி" என்றாலே அணுகுண்டு சுமக்கும் கப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் என்ஜினைப் பற்றியது, ஆயுதத்தைப் பற்றியது அல்ல. அணு உலையில் ஓடும் நீர்மூழ்கிகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

1. தொலைதூர அணு ஏவுகணைகளைச் சுமப்பவை. இவற்றின் வேலை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருப்பது. நம் ஐஎன்எஸ் அரிஹந்த் இந்த வகை.

2. தாக்குதல் நீர்மூழ்கிகள். எதிரியின் கப்பலையும் நீர்மூழ்கியையும் தேடிப் பின்தொடர்வது, உளவு பார்ப்பது, தன் கப்பல் படைக்குக் காவலாகப் போவது, தேவைப்பட்டால் டார்பிடோ விடுவது இவற்றின் வேலை. ரஷ்யாவிடம் குத்தகைக்கு வாங்கி 2012-லிருந்து 2021 வரை இந்தியா ஓட்டிய ஐஎன்எஸ் சக்ரா இந்த வகை. சான் பிரான்சிஸ்கோவும் இதே வகைதான்.

சான் பிரான்சிஸ்கோ "லாஸ் ஏஞ்சலஸ்" வகுப்பைச் சேர்ந்தது. இந்த வகுப்பில் மொத்தம் 62 கப்பல்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 110 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், மூழ்கிய நிலையில் எடை ஏறக்குறைய 6,900 டன். இந்த 62 என்ற எண்ணிக்கை கதையில் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

உலை உண்மையில் என்ன செய்கிறது

யுரேனியம் பிளவுபடும்போது வரும் வெப்பம் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தத் தண்ணீர் கொதிக்காமல் இருக்க உயர் அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அது தன் சூட்டை இன்னொரு குழாய்ச் சுற்றில் ஓடும் தண்ணீருக்குக் கொடுக்க, அங்கே நீராவி உண்டாகி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் கப்பலின் சுழலியை ஓட்டுகிறது, இன்னொரு பக்கம் மின்சாரமும் எடுத்துத் தருகிறது. எரிவதற்கு எதுவும் இல்லாததால் காற்றே தேவையில்லை. டீசல் நீர்மூழ்கி பேட்டரியை ஏற்றிக்கொள்ள அவ்வப்போது மேலே வந்து காற்று வாங்கியாக வேண்டும், இதற்கு அந்தத் தொல்லை கிடையாது. கடல் நீரையே காய்ச்சி வடித்துக் குடிநீர், அதை மின்சாரத்தால் பிரித்து மூச்சுவிட ஆக்சிஜன். மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கலாம், சாப்பாட்டு மூட்டை தீர்வதுதான் எல்லை.

உலை வெடித்துவிடுமா என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மோதலால் அணு உலை அணுகுண்டாக மாறிவிடாது. அணுகுண்டு வெடிக்கப் பிளவுபடும் பொருளை மிகத் துல்லியமான அமைப்பில் நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நெருக்க வேண்டும், உலையில் அப்படி ஓர் அமைப்பே கிடையாது. பயப்பட வேண்டியது வேறு: குளிர்விக்கும் குழாய்கள் உடைந்து உலை அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே இருப்பவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாவது. சான் பிரான்சிஸ்கோவில் அது நடக்கவில்லை, உலைக்குச் சேதமே இல்லை.

இனி முக்கியமான விஷயம். உலைக்குள் வைக்கும் எரிபொருள் நிரந்தரம் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பின் ஆரம்பக் கப்பல்களுக்குப் பணிக்காலத்தின் நடுவில் ஒருமுறை எரிபொருள் மாற்றியாக வேண்டும். அதற்குக் கப்பலை உலர்துறையில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) ஏற்றி, உடலை அறுத்துத் திறந்து, கதிரியக்கம் உள்ள பழைய எரிபொருளை வெளியே எடுத்துப் புதியதை வைத்து, மறுபடி மூடி, ஒவ்வொரு வெல்டிங்கையும் சோதிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும், செலவும் கோடிக்கணக்கான டாலர். அதனால் ஒரு கப்பல் எரிபொருள் மாற்றத்துக்கு முன்னால் நிற்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா என்பதை வைத்துத்தான் அதன் மதிப்பு. எந்த ஆண்டு கட்டியது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

1981 முதல் 2004 வரை

வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் 1977-ல் வேலை தொடங்கியது, 1979 அக்டோபரில் தண்ணீரில் இறக்கினார்கள், 1981 ஏப்ரல் 24-ல் பணியில் சேர்ந்தது. தாய்த்துறை ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர். பனிப்போர் உச்சத்தில் இருந்த எண்பதுகளில் மேற்குப் பசிபிக்கில் திரும்பத் திரும்ப ரோந்து போயிருக்கிறது. எங்கே போனது, யாரைப் பின்தொடர்ந்தது என்பதெல்லாம் இந்தத் தொழிலில் வெளியே வராது, பாராட்டுப் பட்டயங்களின் பட்டியல்தான் வெளியே தெரியும். 1989-90-ல் ஒரு பெரிய நவீனமயமாக்கல் நடந்தது.

2000-லிருந்து 2002 வரை எரிபொருள் மாற்றி, கருவிகளையும் புதுப்பித்தார்கள். அது முடிந்த கையோடு 2002 டிசம்பரில் தாய்த்துறையைக் குவாம் தீவுக்கு மாற்றினார்கள். ஆசியக் கடல்களுக்குப் பக்கத்திலேயே தாக்குதல் நீர்மூழ்கிகளை நிறுத்தி வைத்தால் போய்வரும் நாட்கள் மிச்சம் என்ற கணக்கு.

2005 ஜனவரி 8

குவாமிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே 137 பேர். குவாமுக்குத் தென்கிழக்கே சுமார் 675 கிலோமீட்டர் தொலைவில், 160 மீட்டர் ஆழத்தில், முழு வேகம். லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பின் உச்ச வேகத்தை "மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல்" என்று மட்டுமே கடற்படை சொல்லும். அந்த 25-ஐயே வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்துக்கு 770 மீட்டர் போகும். மதியச் சாப்பாட்டு நேரம், பலர் உணவுக்கூடத்தில் இருந்தார்கள்.

ஒரு கடலடி மலையின் மேல் நேராக மோதியது. 6,900 டன் எடையுள்ள பொருள் அந்த வேகத்திலிருந்து சில நொடிகளில் ஏறக்குறைய நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் மட்டும் அதே வேகத்தில் முன்னால் பறந்தார்கள். 98 பேருக்குக் காயம். என்ஜின் அறைப் பகுதியில் இருந்த 24 வயது மாலுமி ஒருவர் தூக்கி எறியப்பட்டுத் தலையில் பலமாக அடிபட்டார். மறுநாள் ஹெலிகாப்டர் வந்தும், அலையில் ஆடிக்கொண்டிருந்த கப்பலின் குறுகலான திறப்பு வழியாக ஸ்ட்ரெச்சரை மேலே கொண்டுவர முடியவில்லை. அன்றே அவர் இறந்துவிட்டார்.

கப்பல் ஏன் மூழ்கிப்போகவில்லை என்பதற்கு அதன் உடலமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1. நடுவில் ஆட்கள் வாழும் கனத்த எஃகு உருளை இருக்கிறது. ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குவது இதுதான். அழுத்தம் தாங்கும் உள்கூடு என்று சொல்லலாம். இது உடைந்தால் எல்லாம் முடிந்தது.

2. அந்த உருளைக்கு முன்னாலும் பின்னாலும் பாலஸ்ட் தொட்டிகள் இருக்கின்றன. தண்ணீரை நிரப்பினால் கப்பல் மூழ்கும், காற்றை அடித்துத் தண்ணீரை வெளியேற்றினால் மிதக்கும்.

3. இவற்றுக்கும் முன்னால், மூக்கின் நுனியில், சோனார் கோளம் இருக்கிறது. சுற்றிலும் காது வைத்த மாதிரி ஒலி உணரிகள் பதித்த பெரிய பந்து. அந்த இடம் முழுவதையும் கோளம் எடுத்துக்கொண்டதால்தான் இந்த வகுப்பில் டார்பிடோக் குழாய்கள் மூக்கில் இல்லாமல் உடலின் நடுப்பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

மோதலில் மூன்றாவது நொறுங்கியது, இரண்டாவதில் முன்பக்கத் தொட்டிகள் கிழிந்தன, முதலாவது தாங்கிவிட்டது. அவசரமாக மேலே வர உயர் அழுத்தக் காற்றைத் தொட்டிகளில் அடித்தார்கள். சாதாரணமாக இப்படிச் செய்தால் நீர்மூழ்கி விறுவிறுவென்று எழும்பும். இங்கே முன்பக்கம் அடித்த காற்று கிழிசல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, மூக்கு கனத்துத் தொங்கியது, ஆழமானியின் எண் அசைய மறுத்தது. கட்டுப்பாட்டு அறையில் காயத்தோடு நின்றவர்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் எண் மெல்லக் குறையத் தொடங்கி, கப்பல் மேலே வந்தது. வந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. குறைந்த அழுத்தக் காற்றை விடாமல் தொட்டிகளுக்குள் ஊதிக்கொண்டே இருந்தால்தான் மிதக்கும் என்ற நிலை. அந்த ஊதுகருவியை நிறுத்தாமல் ஓட்டி, தன் சொந்த என்ஜினிலேயே மெல்ல நகர்ந்து, ஜனவரி 10-ல் குவாம் வந்து சேர்ந்தார்கள்.

எதிரே மலை இருப்பது ஏன் தெரியவில்லை

எனக்குத் தெரிந்து அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1. நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. ஒளி கடலில் சில நூறு மீட்டருக்குள் மங்கிவிடும். ரேடார் அலைகளும் தண்ணீரில் போகாது. ஒலி ஒன்றுதான் வழி.

2. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டால் முன்னால் இருப்பது தெரியும். ஆனால் அப்படி ஒலி எழுப்பினால் பல மைல் சுற்றளவில் இருக்கும் எல்லோருக்கும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவித்த மாதிரி. அதனால் தாக்குதல் நீர்மூழ்கி பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்கும். மலை சத்தம் போடாது.

3. முழு வேகத்தில் அந்தக் காதும் பாதி அடைத்துக்கொள்ளும். உடலை உரசிக்கொண்டு ஓடும் தண்ணீரின் இரைச்சல்தான் அதிகம் கேட்கும். புல்லட்டை விரட்டிக்கொண்டே செல்போனில் பேச முயல்வது மாதிரி.

4. ஆழம் பார்க்கும் எதிரொலிமானி கீழ்நோக்கித்தான் பார்க்கும். தரை படிப்படியாக உயர்ந்தால் அது எச்சரிக்கும். செங்குத்தாக எழும் கடலடி மலைகளின் விஷயத்தில் எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையே அவகாசம் மிகக் குறைவு.

5. ஆகவே மிச்சம் இருப்பது வரைபடம். பயணத்துக்குப் பயன்படுத்திய வரைபடத்தில் அந்த மலை இல்லவே இல்லை. கடலடித் தரையின் பெரும்பகுதி முறையாக அளக்கப்படாதது. உலகக் கடல் தரை முழுவதையும் வரைபடமாக்கும் பன்னாட்டு முயற்சி 2017-ல் தொடங்கியபோது நவீனத் தரத்தில் அளக்கப்பட்டிருந்தது வெறும் 6 சதவீதம். 2024-ல்தான் அது கால்வாசியைத் தாண்டியது.

இதோடு நிறுத்தினால் "பாவம், யார் மேலும் தப்பில்லை" என்று தோன்றும். கடற்படையின் விசாரணை அப்படி முடியவில்லை. கப்பலிலேயே இருந்த வேறு வரைபடங்களில், மோதிய இடத்துக்குச் சில மைல் தொலைவில் "நிறம் மாறிய நீர்" என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. ஆழ்கடலில் தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது என்றால் கீழே ஏதோ மேலே வந்திருக்கலாம் என்று அர்த்தம். அந்தக் குறிப்பைப் பயண வரைபடத்துக்கு மாற்றி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. எதிரொலிமானி காட்டிய ஆழமும் வரைபடம் சொன்ன ஆழமும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதபோது வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. நடைமுறைகளைப் பின்பற்றியிருந்தால் மோதலைத் தவிர்த்திருக்கலாம், தவிர்க்க முடியாமல் போயிருந்தாலும் இவ்வளவு மோசமாகி இருக்காது என்பதுதான் விசாரணையின் முடிவு. தளபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார், வேறு சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். மோதிய பிறகு கப்பலையும் காயம்பட்டவர்களையும் காப்பாற்றிய மாலுமிகள் பலருக்கு விருதும் கிடைத்தது. இரண்டும் நியாயம் என்றே எனக்குப் படுகிறது, ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது.

மூக்கு மாற்றிய கணக்கு

குவாமில் முன்பக்கத்துக்குத் தற்காலிகமாக எஃகு மூடி போட்டு, தன் சொந்த என்ஜினிலேயே பசிபிக்கைக் கடக்க வைத்து, வாஷிங்டன் மாநிலத்தின் ப்யூஜெட் சவுண்ட் கப்பல் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்னொரு லாஸ் ஏஞ்சலஸ் வகுப்புக் கப்பல் ஓய்வுக்காகக் காத்திருந்தது: 1985-ல் பணியில் சேர்ந்த யுஎஸ்எஸ் ஹானலூலு. அதன் எரிபொருள் தீரும் நிலையில் இருந்தது. அப்போது போட்ட கணக்கு இது:

1. ஹானலூலுவுக்கு எரிபொருள் மாற்றிப் புதுப்பிக்க 17 கோடி டாலர் ஆகும்.

2. ஹானலூலுவின் மூக்கை வெட்டி சான் பிரான்சிஸ்கோவுக்குப் பொருத்த 7.9 கோடி டாலர் ஆகும்.

3. சான் பிரான்சிஸ்கோவின் எரிபொருள் மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் மாற்றப்பட்டது. இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அடிபடாத கப்பலைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட அடிபட்டதைச் சரிசெய்வது பாதி விலைக்கும் குறைவு. முகம் நொறுங்கியதற்கு உயிர் மிச்சம் இருந்தது, முழுசாக இருந்ததற்கு உயிர் தீர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் பணக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, மூக்கு பொருந்தவும் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பில் 719-ஆம் எண் கப்பலிலிருந்து முன்பக்கத்தில் ஏவுகணைகளுக்காகப் 12 செங்குத்துக் குழாய்களைச் சேர்த்துவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் எண் 711. ஹானலூலுவின் எண் 718, அதாவது பழைய மூக்கோடு கட்டிய கடைசிக் கப்பல். டார்பிடோக் குழாய்கள் நடுப்பக்கம் இருந்ததால் வெட்டும் கோடும் அவற்றைத் தொடவில்லை. சோனார் கோளமும் முன்பக்கத் தொட்டிகளும் சேர்ந்த 450 டன்னுக்கும் அதிகமான பகுதியை ஒரு கப்பலிலிருந்து அறுத்து எடுத்து இன்னொன்றோடு நேர்பிடித்து வெல்டிங் செய்தார்கள். 2008 அக்டோபரில் வேலை முடிந்து உலர்துறையை விட்டு வெளியே வந்தது, 2009-ல் சோதனைகளை முடித்து சான் டியாகோவில் பணிக்குத் திரும்பியது. ஹானலூலு 2007-லேயே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

கடலிலிருந்து வகுப்பறைக்கு

ஒட்டுப்போட்ட மூக்கோடு 2016 வரை ரோந்து போனது. பிறகு அதை உடைக்காமல், நார்ஃபோக் கப்பல் தளத்தில் கட்டிவைத்த பயிற்சிக் கப்பலாக மாற்றினார்கள். எளிதான வேலை அல்ல: உடலை அறுத்து நடுப்பகுதியை எடுத்துவிட்டு, பயிற்சிக்கான புதிய பகுதிகளை வைத்து இணைக்க வேண்டும். திட்டமிட்டதைவிடக் காலம் இழுத்துக்கொண்டே போய் ஒரு வழியாக முடிந்தது. இப்போது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே இருக்கிறது. கடற்படையின் அணுசக்திப் பிரிவில் சேரும் இளைஞர்கள் உண்மையான உலையை இயக்கிப் பழகுவது இது போன்ற கப்பல்களில்தான். இங்கேயும் காரணம் அதேதான், உலை நல்ல நிலையில் இருந்தது.

இதே விபத்து 2021-ல்

2021 அக்டோபர் 2-ல் தென் சீனக் கடலில் யுஎஸ்எஸ் கனெக்டிகட் வரைபடத்தில் இல்லாத கடலடி மலை ஒன்றில் மோதியது. 11 பேருக்குக் காயம், உயிரிழப்பு இல்லை, உலைக்குச் சேதம் இல்லை. தளபதி உட்பட மூன்று மூத்த பொறுப்பாளர்களை நீக்கினார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்தும் காரணங்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

பழுதுபார்ப்பில்தான் பெரிய வித்தியாசம். கனெக்டிகட் "சீவுல்ஃப்" வகுப்பு, அதில் கட்டியது மொத்தம் மூன்றே கப்பல்கள். ஓய்வுக்குப் போகும் சகோதரிக் கப்பல் எதுவும் இல்லாததால் மூக்கை யாரிடமும் கேட்க முடியாது. கப்பல் பல ஆண்டுகள் கடலுக்குத் திரும்பவில்லை, காலியான உலர்துறை கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டியிருந்தது.

2024 அக்டோபரில் இந்திய அரசு உள்நாட்டிலேயே இரண்டு அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகள் கட்ட ஒப்புதல் கொடுத்தது, மொத்தத் திட்டம் ஆறு. எண்ணிக்கையில் இது 62-ஐவிட மூன்றுக்குத்தான் பக்கம். அப்படியானால் எரிபொருளை நடுவில் மாற்றத் தேவையில்லாத உலையா, மாற்ற வேண்டுமென்றால் எந்தத் துறையில், ஒன்று அடிபட்டால் எங்கே ஏற்றுவது, உதிரிப் பகுதிகளை முன்கூட்டியே செய்து வைப்பதா என்பதையெல்லாம் முதல் கப்பல் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். செய்திகளில் வேகமும் டார்பிடோவும் ஏவுகணையும்தான் பேசப்படுகின்றன, உலர்துறைகளைப் பற்றி யாராவது கேட்டால் நல்லது.